தலையணையை எடுத்துவிடுங்கள்: முழங்கால் மாற்றியவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி

அம்மாவின் வலது முழங்காலை மாற்றி ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. அதற்குப் பிறகு திருகோணமலையில் எங்கள் ஒழுங்கையில் யாருக்குச் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தாலும் படலையைத் திறந்துகொண்டு நேரே எங்கள் விறாந்தைக்கு வந்துவிடுகிறார்கள். கேள்வி பெரும்பாலும் மூன்றுதான்: எவ்வளவு முடிந்தது, வலி எப்படி, பிறகு நிலத்தில் இருக்கலாமா. முதல் கேள்விக்கு ஆளுக்கொரு பதில், ஆஸ்பத்திரிக்கொரு பதில். மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் போகிறது என்பதால் எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் அல்ல, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். உங்கள் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு மாதிரிச் சொன்னால் அவர் சொல்வதே சரி.

ஒன்றை மட்டும் முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் தலையையும் மெல்லியதாகச் சீவி, அதன்மேல் உலோக மூடி போட்டு, நடுவில் கெட்டிப் பிளாஸ்டிக் தட்டு வைக்கிறார்கள். மாறுவது மூட்டு மட்டும். பத்து வருடம் நொண்டி நொண்டி மெலிந்துபோன தொடைத் தசை அப்படியேதான் இருக்கிறது. பயிற்சி, பயிற்சி என்று எல்லோரும் உயிரை எடுப்பது அந்தத் தசைக்காகத்தான்.

போவதற்கு முன்

ஆளை அனுமதிப்பதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே வீட்டைப் பார்க்கத் தொடங்குங்கள். குந்தும் மலசலகூடம் மட்டுமே உள்ள வீடு என்றால் முதல் வேலை அதுதான். குந்தி எழும்ப முழங்கால் 130 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். புதிய முழங்கால் முதல் இரண்டு கிழமைக்குள் 90 பாகை மடங்கினாலே நல்ல காரியம். கொமட் கட்ட வசதி இல்லாவிட்டால் நடுவில் துளையுள்ள கொமட் கதிரை கிடைக்கும், அதைக் குந்துகுழிக்கு மேலேயே வைத்துக்கொள்ளலாம். வாங்கியதும் நீங்கள் ஒருமுறை இருந்து பாருங்கள். நாங்கள் வாங்கியதன் ஒரு கால் ஈர மாபிளில் வழுக்கியது. நான்கு காலுக்கும் றப்பர் அடி மாட்டிய பிறகுதான் அம்மாவை இருத்தினோம்.

அடுத்தது கதிரை. சாய்மனைக் கதிரையை ஒரு மூன்று மாதத்துக்குக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். அதில் இருப்பது சுகம், எழும்புவது நடக்காது. கைபிடியுள்ள, உயரமான, கெட்டியான கதிரை வேண்டும். இருக்கும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரத்தில் இருக்க வேண்டும். கைபிடியுள்ள பிளாஸ்டிக் கதிரைகள் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் அந்த உயரம் வந்துவிடும். கால்மிதி, விரிப்பு, நிலத்தில் ஓடும் மின்விசிறி வயர் எல்லாவற்றையும் சுருட்டி எடுங்கள். பாயில் படுப்பவர் என்றால் கட்டில் தேடுங்கள். கிணற்றடியில் குளிப்பவர் என்றால் குளியலறைக்குள் ஒரு கதிரையும் வாளியும் வையுங்கள், கிணற்றுக்கட்டின் பாசியில் வாக்கர் நிற்காது.

உடம்பையும் தயார் செய்ய வேண்டும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் காயம் ஆறாது, கிருமி தொற்றும் வாய்ப்பும் கூடும். சொத்தைப் பல், காலில் புண், விரலிடுக்கில் சேற்றுப்புண், சிறுநீர் எரிவு எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லி முதலே குணமாக்கிக்கொள்ளுங்கள். புகைப்பவர்கள் நிறுத்த வேண்டும். கீழே நான் எழுதும் பயிற்சிகளை வெட்டுவதற்கு முன்பே பழகியவருக்குப் பிறகு பாதிப் பாடு குறைவு.

வீட்டுக்கு வரும் பயணம்

வெட்டிய அன்றைக்கோ அடுத்த நாளோ வாக்கரோடு எழுப்பி நடத்திவிடுவார்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும், தடுக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில், சிலவேளை அதற்குச் சற்றுப் பிறகு, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள்.

கொழும்பில் செய்துகொண்டு வருகிறவர்களுக்குத் திருகோணமலை ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஒரே இருப்பில் வரக்கூடாது. கால் அசையாமல் தொங்கினால் கெண்டைக்காலுக்குள் இரத்தம் உறையும் ஆபத்து அந்த நாட்களில் கூடுதல். வாகனத்தின் முன் ஆசனத்தைப் பின்னால் தள்ளிக் காலை நீட்ட இடம் எடுங்கள். மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கி நாலடி நடத்துங்கள், வாகனம் ஓடும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். தம்புள்ளையிலும் ஹபரணையிலும் நாங்கள் நிறுத்தியது தேநீருக்காக அல்ல, அதற்காக. இரவு ரயில் வசதிதான், ஆனால் மேடையிலிருந்து பெட்டிக்கு ஏறும் படி புதிய முழங்காலுக்கு ஏற்றதல்ல. இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையோ ஊசியோ தந்திருந்தால் சொன்ன நாள்வரை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது.

தலையணை

வீட்டுக்கு வந்த முதல் இரவு அம்மா வலியில் முனகினார். இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை மடித்து முழங்காலுக்குக் கீழே வைத்தேன். முகம் உடனே தெளிந்தது, நித்திரையும் வந்தது. அடுத்த நாளும் வைத்தேன். ஒன்பது இரவு வைத்தேன். பத்தாம் நாள் வந்த பிசியோதெரபிஸ்ட் கட்டிலில் காலை நீட்டச் சொன்னார். நீட்டிய முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே அவருடைய கை நுழைந்து மறுபக்கம் வந்தது. “தலையணை வைத்தது யார், அம்மா?” என்று கேட்டார். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “அது தானாக வந்தது, தம்பி” என்றார்.

வீங்கிய மூட்டுக்குச் சற்று மடங்கிய நிலைதான் இதம். அந்த இதத்திலேயே விட்டால் உள்ளே ஆறும் தழும்பு அப்படியே இறுகிவிடும். பிறகு கால் நேராகாது. நேராகாத காலால் நடந்தால் நொண்டல் போகாது, தொடைத் தசை ஓய்வில்லாமல் இழுத்துக் களைக்கும், நாரியும் நோகும். மடக்குவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், நீட்டுவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முதல் ஆறு கிழமையில் என்னைக் கேட்டால் நீட்டுவதுதான் பெரிது.

ஆகவே தலையணையை முழங்காலுக்குக் கீழே வைக்காதீர்கள். துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் அந்தரத்தில் நின்று தன் பாரத்தாலேயே மெல்ல மெல்லக் கீழே இறங்கும். ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பதினைந்து வரை கூட்டுங்கள். வலிக்கும், திட்டுவார்கள். அந்த நேரத்தில் நான் வானொலியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விடுவேன். எங்களுக்கு அந்த இடைவெளி மூட மூன்று கிழமை எடுத்தது. தலையணை வைக்காதிருந்தால் அதில் பாதிகூட எடுத்திராது என்று அந்தத் தம்பி சொன்னார்.

சோக்கட்டிக் கோடு

பயிற்சி என்றால் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. படுத்திருந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும். முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையோடு அழுத்தித் தொடையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. குதிக்காலைக் கட்டிலில் தேய்த்தபடி பின்னுக்கு இழுத்து முழங்காலை மடிப்பது. காலை நேராக வைத்தபடி ஒரு சாண் உயர்த்தி இறக்குவது. கதிரையில் இருந்து காலை நீட்டுவது, மடிப்பது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. பனடோல் (பரசிற்றமோல்) போட்டு அரை மணி முக்கால் மணி கழித்துச் செய்தால் பொறுக்கக்கூடியதாக இருக்கும்.

மடங்குகிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. பிசியோதெரபிஸ்டிடம் கோணமானி உண்டு, எங்களிடம் சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தது. அம்மா எப்போதும் ஒரே கதிரையில், ஒரே இடத்தில் இருப்பார். பாதத்தைத் தரையில் தேய்த்தபடி முடிந்த மட்டும் கதிரைக்குக் கீழே இழுப்பார். பெருவிரல் நிற்கும் இடத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு, பக்கத்தில் திகதி. முதல் நான்கு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே தடித்த கோடாகத் தெரிந்தன. ஐந்தாம் நாள் ஒரு விரல் தூரம். பிறகு இரண்டு நாள் பின்னுக்கு வந்தது, அம்மா அழுதார். காலையில் போட்ட கோட்டை மாலைக் கோட்டோடு ஒப்பிட்டதுதான் பிழை. பொழுது சாயும்போது வீக்கம் ஏறி முழங்கால் இறுகும். அதன்பின் காலை எட்டு மணிக் கோடு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். தரையைத் துடைக்க வந்த மாமி ஒருமுறை எல்லாவற்றையும் அழித்துவிட்டார், அது வேறு கதை.

நடக்க 70 பாகை அளவு போதும். படி ஏறி இறங்கவும் சாதாரணக் கதிரையிலிருந்து எழும்பவும் 90 முதல் 105 வரை வேண்டும். மூன்று மாதத்தில் 110, 120 வந்தால் மகிழ்ச்சியாக இருங்கள். ஆறு கிழமை முடிந்தும் 90ஐத் தொடவில்லை என்றால் “போகப் போகச் சரிவரும்” என்று வீட்டில் இருக்காதீர்கள், நிபுணரிடம் காட்டுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடும் முறை ஒன்று உண்டு, அது முதல் மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் நன்றாகப் பலன் தரும்.

இதில் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அம்மா எழும்பக் கூடாது, தண்ணீரும் கையில் கொடுப்போம், சோறும் ஊட்டுவோம் என்று நிற்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலை நாலடி தள்ளி மேசையில் வையுங்கள். ஒரேயடியாக அரை மணி நேரம் நடத்திவிட்டு நாள் முழுக்கப் படுக்க விடுவதைவிட, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடப்பது மேல்.

வலி, வீக்கம், சாப்பாடு

முழங்கால் சூடாக இருப்பது, கெண்டைக்கால்வரை கண்டிப்போய் நீலம் பாய்வது, தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போவது, நடக்கும்போது ‘டக், டக்’ என்று சத்தம் வருவது ஆகிய எல்லாம் வழமையானவை. வீக்கமும் சூடும் மூன்று மாதம், ஆறு மாதம் வரைகூட இருக்கும். மரத்த இடம் சிலருக்கு முழுதாகத் திரும்பாது. பனடோல் வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் எட்டுக் குளிசைக்கு மேல் வேண்டாம், மெலிந்தவருக்கும் ஈரல் நோயாளிக்கும் அதிலும் குறைவு. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ உள்ளவர்கள் ‘இது நன்றாகக் கேட்கும்’ என்று அயலவர் தரும் வலிக் குளிசையைத் தொடவே கூடாது.

ஐஸ் பெரிய மருந்து. பிள்ளைகள் வாங்கித் தின்னும் ஐஸ் பக்கற்றுகள் நாலைத் துவாயில் சுற்றி முழங்காலின் இரு பக்கமும் வைத்தோம். பதினைந்து இருபது நிமிடம், பிறகு எடுத்துவிட வேண்டும். தோலில் நேரே படக்கூடாது, கட்டும் நனையக்கூடாது. எண்ணெய் தேய்ப்பது, சுடுநீர் ஒத்தடம், இலை வைத்துக் கட்டுவது எல்லாம் ஊரில் அன்போடு சொல்வார்கள். சூடு வீக்கத்தைக் கூட்டும், எண்ணெயும் இலையும் ஆறாத காயத்துக்குள் கிருமியை அனுப்பும். அம்மாவின் தங்கை, “கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் கொண்டுபோய் ஏழு கிணற்றிலும் வார்த்துவிடுவோம்” என்று வாகனத்தோடு வந்து நின்றார். தையல் வெட்டுவதே பத்துப் பதினான்கு நாளில்தான். காயம் முழுதாக மூடி, வைத்தியர் சரி என்று சொல்லும்வரை கன்னியாவும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

அடுத்த சண்டை சாப்பாட்டில். புண்ணைக் கிளப்பும் சாப்பாட்டைக் கிரந்தி என்பார்கள். றால் கிரந்தி, நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தக்காளி புளிப்பு என்று ஒவ்வொன்றாக மறித்து, கடைசியில் வெட்டுக்காயம் உள்ளவருக்குச் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சும். காயம் ஆறுவதற்கும் தசை வளர்வதற்கும் புரதம் வேண்டும். உங்களுக்கு முன்பே ஒவ்வாத ஒன்றை விடுங்கள். மற்றபடி மீன், முட்டை, பருப்பு, பால், கீரை தினமும் கொடுங்கள். கடலை வாசலில் வைத்துக்கொண்டு மீனுக்குப் பத்தியம் பார்ப்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வலிமாத்திரையால் மலச்சிக்கல் வரும், தண்ணீரும் பழமும் கூடுதலாக வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் கிழமையில் பெரும்பாலானோருக்கு மனம் விழும். இரவில் நித்திரை வராது, “ஏன்தான் வெட்டினேனோ” என்பார்கள். இது அநேகமாக எல்லோருக்கும் வரும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்போது வந்து, “இன்னாருக்குச் செய்து சரிவரவில்லையாம்” என்று கதை சொல்லும் விருந்தாளியை விறாந்தையோடு அனுப்பிவிடுங்கள்.

நடை, படி, ஊன்றுகோல்

வாக்கரை முதலில் வையுங்கள், பிறகு வெட்டிய கால், பிறகு நல்ல கால். ஊன்றுகோலுக்கு மாறும்போது அதை வெட்டிய காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். வலது முழங்காலென்றால் இடது கை. பத்துப் பேரில் எட்டுப் பேர் மாற்றிப் பிடிப்பதைத்தான் நான் பார்க்கிறேன். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வெட்டிய கால் முதலில், கைபிடியில் ஒரு கை எப்போதும்.

எங்கே நடப்பது? முதல் மாதம் வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் போதும். பிறகு காலை ஆறரை மணிக்கு டச்சுக்குடாக் கடற்கரையோரம் தளம் சமமாக உள்ள இடம் நல்லது. மணலில் இறங்காதீர்கள், கால் புதைந்து முழங்கால் திருகும். கோட்டைப் பக்கம் மான்கள் திடீரென்று குறுக்கே வரும், அங்கே ஊன்றுகோலோடு போகும்போது பக்கத்தில் ஒருவர் வேண்டும். கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒன்பது மணிக்கு மேல் வெயில் தாங்காது. வாடை எனும் வடகிழக்குக் காற்றுக் காலத்தில் மழை விட்ட முற்றமும் வாசல்படியும் வழுக்கும். ஒரு விழுகை எல்லாப் பயிற்சியையும் வீணாக்கிவிடும் என்பதால் அந்த நாட்களில் விறாந்தையிலேயே நடங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

இந்தப் பகுதியை மட்டும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் புதிதாக வீங்கி, தொட்டால் நோவது. திடீரென மூச்சுத் திணறல், மூச்செடுக்கும்போது நெஞ்சு குத்துவது, இரத்தமாகத் துப்புவது. காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவது, சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, நடுக்கத்தோடு காய்ச்சல். நேற்றுவரை தணிந்திருந்த வலி இன்று காரணமில்லாமல் ஏறுவது. நெஞ்சும் மூச்சும் என்றால் ஓட்டோ தேடி நிற்காமல் 1990ஐ அழையுங்கள், அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. காயத்தில் சந்தேகம் என்றால் வெட்டிய வைத்தியரின் குழுவுக்கே முதலில் சொல்லுங்கள். மருந்துக்கடையில் அன்டிபயோட்டிக் வாங்கித் தாமாகக் குடிப்பது மிகவும் கேடு. மேலே தணிந்ததுபோல் காட்டி, உள்ளே உலோகத்தில் ஒட்டிய கிருமியை மறைத்துவிடும்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

இப்போது எல்லோரும் கேட்கும் அந்தக் கேள்வி. நிலத்தில் சம்மணமிட்டு இருப்பதையும் குந்துவதையும் விட்டுவிடுங்கள். சிலருக்கு அந்த அளவுக்கு மடங்கலாம், மடங்குகிறது என்பதற்காகத் தினமும் செய்தால் நடுவிலுள்ள பிளாஸ்டிக்தான் தேயும். கல்யாண வீட்டுப் பந்தியில் மேசை கேளுங்கள். கோயிலில் நின்று கும்பிடலாம், விழுந்து கும்பிட வேண்டியதில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு உம்மா கதிரையில் இருந்தபடி தொழுவதற்கு முதலில் கூச்சப்பட்டார், இப்போது அவருடைய கதிரை முன்னே போய்விடுகிறதாம். முழந்தாளிடுவது பலருக்கு ஆபத்தில்லை, ஆனால் மரத்த தோலும் தழும்பும் சேர்ந்து ஒருமாதிரியாக இருக்கும். நிபுணரிடம் கேட்டு, மெத்தை போட்டுச் செய்து பாருங்கள்.

தவறி நிலத்தில் இருந்துவிட்டால் எழும்பவும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் கெட்டியான கதிரை ஒன்றை இழுத்து, ஆட்டிப் பார்த்து, இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றி, நல்ல காலை முன்னே வைத்து எழும்புவது. பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

கார் ஓட்ட ஆறு கிழமையளவில் பெரும்பாலும் விடுவார்கள், சடுதியாகப் பிரேக் மிதிக்க முடிகிறதா என்பதே அளவுகோல். மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் பொறுங்கள், சாயும் வண்டியைத் தாங்க வேண்டியது அந்தக் கால்தான். நடை, நீச்சல், மிதிவண்டி மூன்றும் நல்லவை. ஓட்டம், குதிப்பு, கரப்பந்து வேண்டாம். உப்புவெளி, நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடப்பது அருமையான பயிற்சி. மணலைக் கடந்து தண்ணீர்வரை போக ஒரு தோள் வேண்டும், அவ்வளவுதான்.

நிறையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ சுமை குறைகிறது. கவனமாக வைத்திருந்தால் பத்தில் எட்டு முழங்கால் 25 வருடம் வரை தாக்குப்பிடிக்கிறது என்பது பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது. அதேவேளை ஐந்து பேரில் ஒருவர் அளவில் முழுத் திருப்தி இல்லை என்று சொல்வதும் உண்மை. இருபது வயதுக் காலை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கே ஏமாற்றம் அதிகம். அம்மாவுக்கு இன்றும் மழைக்கு முன் முழங்கால் இறுகும். ஆனால் இரவில் வலியால் எழும்புவது இல்லை, சந்தைக்குத் தனியாகப் போய்வருகிறார், மார்கழியில் கோணேசர் கோயில் மலைக்கு ஏறினார். ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், அது முழங்காலின் குற்றம் அல்ல.

பல் பிடுங்கும்போதும் வேறு சிகிச்சைக்குப் போகும்போதும் உள்ளே செயற்கை மூட்டு இருக்கிறது என்று சொல்லுங்கள். காலில் வரும் சின்னப் புண்ணையும் அலட்சியம் செய்யாதீர்கள், அங்கிருந்து இரத்தத்தில் ஏறும் கிருமி வருடங்கள் கழிந்தும் மூட்டுக்குப் போகலாம். விமான நிலையத்தில் கருவி சத்தம் போடலாம், செயற்கை மூட்டு இருக்கிறது என்று முதலே சொல்லிவிடுங்கள். நோவு இல்லை என்று கிளினிக்கை விட்டுவிடாதீர்கள். உள்ளே தளர்ந்தால் பலவேளை முதலில் அதை எக்ஸ்ரே சொல்லும், வலி பிறகுதான் வரும்.

மற்றக் கால் எப்போது என்பதற்கும் பொது விதி இல்லை. முதல் கால் நம்பி ஊன்றக்கூடியதாக வந்த பிறகுதான் அடுத்ததைப் பற்றிப் பேசுவார்கள், பலருக்கு அது சில மாதம். அம்மா பத்து மாதம் தள்ளிப்போட்டுவிட்டு இப்போது இடது காலுக்குத் திகதி வாங்கியிருக்கிறார். கொமட் கதிரையைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறோம். இலவம்பஞ்சுத் தலையணையை அவரே எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.